தனியாகக் கேட்ட செய்தி

2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி பற்றிய அறிவிப்பு வந்தது. ஓமனிலிருந்து திரும்பியவர், காஞ்சிபுரத்துக்காரர். அதுவரை வூஹான், ஈரான், இத்தாலி என்று டிவியின் அடிவரியில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று ஒரே நாளில் காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தெருவுக்குள் வந்துவிட்டது. மூன்று வாரம் ஆகுமுன் ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பிப் பட்டு நெசவாளர்கள் தறியில் பாவு ஏற்றியிருந்தார்கள். கல்யாணங்கள் தள்ளிப்போயின, மண்டபங்களைப் பூட்டினார்கள், நெய்து முடித்த சேலைகள் விற்காமல் தேங்கின. கூலிக்கு நெய்கிறவருக்கு அடுத்த பாவு எப்போது வரும் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அந்த முதல் நோயாளி சில நாட்களில் குணமாகி வீடு திரும்பினார். அந்தச் செய்தி எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

வேலை இல்லாத வீட்டில் டிவி மட்டும் வேலை செய்தது. மாலையானால் சுகாதாரத் துறைச் செயலர் பீலா ராஜேஷ் செய்தியாளர்களைச் சந்திப்பார். இன்று எத்தனை பேர், எந்த மாவட்டம், எத்தனை சாவு. தமிழ்நாடே அந்த எண்ணுக்காகக் காத்திருந்தது. எண் தெரிந்தபின் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் மாலை மறுபடியும் காத்திருந்தோம்.

கெட்ட காலத்தில் உலகச் செய்தியைப் பின்தொடர்வது உடம்பை என்ன செய்கிறது, அதே செய்தியை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முற்படுவது என்ன செய்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம். இதற்குக் காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. 'மனசு சரியில்லையா, செய்தி பார்க்காதே' என்ற அறிவுரை இந்த ஊரில் செல்லாது. பட்டு நூலைக் கருவாக வைத்து வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியதுதான் அசல் ஜரிகை. 2020 ஆகஸ்டில் உலகச் சந்தையில் தங்கம் ஓர் அவுன்ஸ் 2,000 டாலரை முதல்முறையாகத் தாண்டியது. நோய்க்கும் பொருளாதாரச் சரிவுக்கும் பயந்த பணம் எல்லாம் தங்கத்தை நோக்கி ஓடியதன் விளைவு அது. வெள்ளியும் கூடவே ஏறியது. சேலை வாங்க ஆளில்லாத நேரத்தில் சேலைக்கான ஜரிகையின் அடக்கவிலை ஏறியது. நியூயார்க்கிலும் லண்டனிலும் நடப்பது இங்கே தறிக்குழிக்குள் இறங்குகிறது. இப்படிப்பட்ட ஊரின் நெசவாளரிடம் கண்ணை மூடிக்கொள் என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்வதே தவறு என்பது என் கருத்து.

முதலில் உடம்பைப் பார்ப்போம். மிரட்டல் ஒன்றைக் கண்டதும் மூளையின் அமிக்டலா விழித்துக்கொள்கிறது. ஹைப்போதலாமஸ் வழியாகச் செய்தி பிட்யூட்டரிக்குப் போகிறது, அங்கிருந்து சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு. கார்ட்டிசால் ரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ தயாராக இருக்கும்படி உடம்புக்கு வந்த உத்தரவு அது. பாம்பைக் கண்டால் இது உயிர்காக்கும். ஆனால் திரையில் வரும் சாவு எண்ணிக்கையைக் கண்டு எங்கே ஓடுவது?

கனடாவின் மாண்ட்ரியலில் மரி-ஃபிரான்ஸ் மரானும் சோனியா லூபியனும் சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அதன் முடிவு எதிர்பார்த்த மாதிரி இல்லை என்பதுதான் காரணம். 60 பேருக்கு உண்மையான செய்தித்தாள் துணுக்குகளைக் கொடுத்தார்கள். பாதிப்பேருக்குச் சாதாரணச் செய்தி, பாதிப்பேருக்குக் கொலை, விபத்து வகை. படித்ததால் மட்டும் கார்ட்டிசால் ஏறவில்லை. பிறகு எல்லோரையும் பிறர் முன்னால் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தார்கள். அப்போதுதான் வித்தியாசம் வெளிப்பட்டது. கெட்ட செய்தி படித்திருந்த பெண்களின் கார்ட்டிசால் மற்றவர்களைவிட அதிகமாக எகிறியது. மறுநாள் கேட்டபோது அந்தச் செய்திகளை அவர்கள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆண்களிடம் இந்த விளைவு தென்படவில்லை. கெட்ட செய்தி தன்னளவில் உடைப்பதில்லை, அடுத்து வரும் அடியைப் பெரிதாக்கிவிடுகிறது என்று இதை வாசிக்கலாம். 2020-இல் அந்த அடுத்த அடி மளிகைக் கடன், பள்ளிக்கட்டணம், வட்டிக்காரர் என்று வரிசையாக வந்தது. அதை வாசலில் நின்று வாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

நாம் ஏன் கெட்ட செய்தியைத் தேடிப்போகிறோம் என்பதற்கும் அளவீடு உண்டு. ஸ்டுவர்ட் சொரோக்காவும் குழுவினரும் 17 நாடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் செய்திக் காட்சிகளைப் போட்டுக்காட்டி, தோலின் மின்கடத்தலையும் இதயத்துடிப்பையும் அளந்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில், சராசரியாக மனித உடம்பு நல்ல செய்தியைவிடக் கெட்ட செய்திக்கே கூடுதலாக விழிக்கிறது என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பலவீனம் தலைப்புப் போடுகிறவர்களுக்குத் தெரியும். அப்வொர்த்தி என்ற அமெரிக்கத் தளத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்பு வடிவங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். தலைப்பில் ஓர் எதிர்மறைச் சொல் கூடினால், அதை அழுத்தித் திறப்பவர்களின் விகிதம் 2.3 சதவீதம் ஏறியது. சின்ன எண்தான். ஒரு நாளில் நம் கைபேசியில் எத்தனை தலைப்புகள் கடந்துபோகின்றன என்று பார்த்தால் அது சின்ன எண் இல்லை.

அளவும் முக்கியம். 2013 ஏப்ரல் 15-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. ஆலிசன் ஹோல்மன், டேனா ரோஸ் கார்ஃபின், ராக்சேன் கோஹென் சில்வர் மூவரும் அடுத்த சில வாரங்களில் 4,675 அமெரிக்கர்களிடம் கேள்வி கேட்டார்கள். குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்கள், அவர்களின் உறவினர்கள் இருந்தார்கள். தூரத்தில் உட்கார்ந்து டிவியிலும் இணையத்திலும் பார்த்தவர்களும் இருந்தார்கள். அந்த ஒரு வாரம் நாளொன்றுக்கு 6 மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்கள், நேரில் பாதிக்கப்பட்டவர்களைவிட அதிகமான கடும் மனஅழுத்த அறிகுறிகளைச் சொன்னார்கள். ஏற்கெனவே கலங்கியிருந்தவர்கள்தான் அதிகம் பார்த்தார்களோ என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அதே குழுவைச் சேர்ந்தவர்கள் பிறகு மூன்று ஆண்டு ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்து, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று கண்டார்கள். பார்த்ததால் கலக்கம், கலக்கத்தால் அடுத்த அசம்பாவிதத்தில் இன்னும் அதிகம் பார்ப்பது.

இந்தக் கலக்கத்தின் மறுபக்கம் மரத்துப்போதல். எண் பெருகப் பெருக மனசு சுருங்குகிறது. டெபரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் 2007-இல் வெளியிட்ட சோதனையில், மாலி நாட்டு ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படத்தைக் காட்டி நன்கொடை கேட்டபோது சராசரியாக 2.38 டாலர் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தை மட்டும் காட்டினால் 1.14 டாலர். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டினாலோ தொகை கூடவில்லை, 1.43 ஆகக் குறைந்தது. உன்னால் ஆகக்கூடியது சொற்பம் என்ற உணர்வை எண் உண்டாக்கிவிடுகிறது. மாலைதோறும் நாம் கேட்ட எண்களும் நாளாக நாளாக அப்படித்தான் ஆயின.

இங்கே காஞ்சிபுரத்தின் பழைய வழக்கம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு நிறம். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித்தர வேண்டும். மனைவியோ, மகனோ, தெருப்பிள்ளையோ. ஆகவே கோர்வைத் தறியில் எப்போதும் இரண்டு பேர், பேச்சும் இருக்கும். டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிக்க நாலுபேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது, படித்தவரிடமே சண்டை போடுவது, கட்சிப் படிப்பகத்தில் மாலை நேரத்தில் கூடுவது, இதெல்லாம் தமிழ்நாடு முழுவதும் இருந்தது. நெசவாளர் தெருக்களில் கூடுதலாகவே இருந்தது. செய்தி என்பது பலர் நடுவில் கேட்கும் ஒன்றாக இருந்தது.

1909-இல் காஞ்சிபுரத்தில் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை, 1942-இல் இதே ஊரிலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. சிங்கப்பூரும் பர்மாவும் ஜப்பானிடம் விழுந்தன, ஜப்பான் குண்டு போடும் என்று சென்னையை விட்டு மக்கள் ஊர் ஊராக ஓடினார்கள். அப்போது ஒரு வார இதழால் உடனுக்குடன் எதையும் சொல்ல முடியாது. நடந்ததற்கு என்ன பொருள், அடுத்து நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைத்தான் சொல்ல முடியும். பிற்காலத்தில் அவர் 'தம்பிக்கு' என்று எழுதிய கடிதங்களில் உலக நடப்பும் உள்ளூர் வேலையும் ஒரே மூச்சில் வரும். 1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, அவரும் அவர் கட்சியினரும் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். அந்த அரசியலோடு உடன்படலாம், மறுக்கலாம். செய்தி கேட்டவனுக்குக் கையோடு ஒரு வேலை கிடைத்தது என்பதே எனக்கு முக்கியம்.

இன்று தறிமரத்தில் செல்போனைச் சாய்த்துவைத்து, காதில் மாட்டிக்கொண்டு தனியாக நெய்கிறவரைப் பார்க்க முடிகிறது. பக்கத்தில் இருப்பவர் வேறொரு போனில் வேறொன்று கேட்கிறார். உலகம் முன்னைவிட நூறு மடங்கு உள்ளே வருகிறது, பதில் பேச ஆளில்லை.

கேட்ட செய்தியை வைத்து ஏதாவது செய்ய முடிவது ஏன் மூளைக்குப் பொருட்டு என்பதை நரம்பியல் அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டு கண்டுபிடித்தது. 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் நடத்திய சோதனை பாடப்புத்தகங்களில் உண்டு. தன்னால் நிறுத்தவே முடியாத மின்னதிர்ச்சியை வாங்கிய நாய்கள், பிறகு எளிதாகத் தப்பிக்க வழி இருந்தபோதும் படுத்துக் கிடந்தன. இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்று அன்று முடிவு செய்தார்கள். மேயர் அங்கே நிற்கவில்லை. கொலராடோவில் பல்லாண்டு எலிகளின் மூளையை ஆராய்ந்தார். 2016-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், நாங்கள் அன்று தலைகீழாகப் புரிந்துகொண்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அறிவியலில் இப்படிப்பட்ட கட்டுரை அபூர்வம். தொடர் துன்பத்தில் மூளைத்தண்டின் டார்சல் ராஃபே என்ற நரம்பணுத் தொகுதி செரடோனினைக் கொட்டுகிறது, உடம்பு முடங்குகிறது. இதை யாரும் கற்பதில்லை, பிறவியிலேயே அமைந்தது. கற்க வேண்டியது எதிர்த்திசையில் இருக்கிறது. 'நான் செய்வதால் ஏதோ மாறுகிறது' என்று முன்நெற்றிப் புறணி ஒருமுறை கண்டுகொண்டால், அது கீழே இறங்கி அந்த முடக்கத்தை அடக்குகிறது. ஒருமுறை இப்படிக் கற்ற எலிக்கு, பிறகு கட்டுப்படுத்தவே முடியாத துன்பம் வந்தாலும் தாங்கும் சக்தி மிஞ்சியது.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும்போது நிதானம் வேண்டும். ஆனாலும் சாரா ஷ்வார்ட்ஸ் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதே திசையைக் காட்டுகிறது. பருவநிலை மாற்றம் பற்றிய கவலையைக் குறித்து 284 இளைஞர்களைக் கேட்டார்கள். கவலை கூடக் கூட மனச்சோர்வு அறிகுறியும் கூடியது. கூட்டாகப் போராடியவர்கள், அமைப்பாக இயங்கியவர்கள் மத்தியில் அந்தத் தொடர்பு மட்டுப்பட்டது. வீட்டில் தனியாகக் குப்பையைப் பிரிப்பது, மின்சாரம் மிச்சம் பிடிப்பது போன்றவற்றால் அந்தப் பயன் இல்லை.

காஞ்சிபுரத்தில் நின்று இதை எழுதும்போது ஒரு பெயரைத் தவிர்க்க முடியாது. 2011 ஆகஸ்ட் 28 அன்று செங்கொடி என்ற இளம்பெண் இந்த ஊரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மக்கள் மன்றம் என்ற அமைப்பில் இயங்கியவர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரையும் செப்டம்பர் 9-இல் தூக்கிலிட நாள் குறித்திருந்தார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை. அந்தச் சாவை வீரமாகப் பாடவும் எனக்கு மனமில்லை. அந்தத் தூக்கை நிறுத்தியது நீதிமன்றத்தில் நடந்த வழக்கு. 2014-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் மேடைக்குமாக முப்பது ஆண்டுக்கு மேல் நடந்தார், 2022 மே 18-இல் மகன் விடுதலையானார். செங்கொடி இருந்திருந்தால் அந்த நாளைப் பார்த்திருப்பார். அப்போது முப்பதுகளில் இருந்திருப்பார்.

இத்தகைய சாவுகளைச் செய்தியாக்கும் விதமே மேலும் உயிர்களைக் குடிக்கும் என்பது 1974-இல் டேவிட் ஃபிலிப்ஸ் செய்தித்தாள்களையும் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டதிலிருந்து தெரிந்த விஷயம். இதற்கு மாற்று உண்டு என்பதும் தெரியும். வியன்னா நகரச் சுரங்க ரயிலில் தற்கொலைகள் பெருகியபோது, 1987-இன் நடுவில் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதுவதை நிறுத்தின. அந்த ஆண்டின் இரண்டாம் பாதியில் எண்ணிக்கை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது. அதே வியன்னாவைச் சேர்ந்த தாமஸ் நீடர்குரோட்டன்தாலர் 2010-இல் இன்னொன்றைக் காட்டினார். இருண்ட நேரத்தைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியானபின் தற்கொலைகள் குறைவதோடு தொடர்பு தெரிந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் அற்புதம்மாளின் நடையை இன்னும் எத்தனையோ முறை முதல் பக்கத்தில் போட்டிருக்கலாம். இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ தற்கொலை எண்ணம் வந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி இரவும் பகலும் தமிழில் கிடைக்கும், உடனே பேசுங்கள்.

போராட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பிரித்தறிதல் உதவும். பிறர் வலியைப் பார்க்கும்போது நம் மூளையில் இன்சுலாவின் முன்பகுதி விழிக்கிறது, நமக்கே வலித்தால் விழிப்பதும் அதுதான். இதை டானியா சிங்கர் 2004-இல் காட்டினார். பிறகு அவர் ஓல்கா கிளிமெக்கியோடு சேர்ந்து, பிறர் துயரத்தை அப்படியே தன்னுள் வாங்கப் பயிற்சி தந்தபோது ஆட்கள் நொடிந்துபோனார்கள். அதே ஆட்களுக்கு, துயரப்படுபவர் நலமாக வேண்டும் என்ற கரிசனத்தை வளர்க்கப் பயிற்சி தந்தபோது மூளையின் வேறு பகுதிகள், அன்போடும் நிறைவோடும் தொடர்புடையவை, இயங்கின. மனசும் மீண்டது. காட்சியை மறுபடி மறுபடி பார்ப்பது முதல் வகை. அந்தக் குடும்பத்துக்கு என்ன தேவை என்று விசாரிப்பது இரண்டாவது. 2020-இல் ஊரடங்கில் அரிசிப் பை சுமந்தவர்கள் களைத்திருந்தார்கள், ஆனால் டிவி முன் உட்கார்ந்திருந்த எங்களைவிடத் தெளிவாகப் பேசினார்கள். இது அளவீடில்லை, நான் கண்டது.

காஞ்சிபுரத்துக்கு வடக்கே ஏகனாபுரம் இருக்கிறது. 2022-இல் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று அறிவித்தபோது, வீடு, வயல், ஏரி எல்லாவற்றோடும் போகப்போகும் ஊர் என்று இந்தப் பெயர் செய்தியில் அடிபட்டது. இங்கே செய்தியைக் கேட்டவர்கள் டிவியை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பகலில் வயலுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டு, பொழுது சாய்ந்ததும் ஊர் நடுவில் கூடி உட்கார்ந்தார்கள். அந்தக் கூடல் 1,000 நாட்களைத் தாண்டியது. 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். கிராமசபை கூடும் நாள்களில், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வரிசையாக, திட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். அரசு தன் வேலையைத் தொடர்ந்தது. 2025-இல் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் வந்தது.

இவர்களுக்குத் துன்பம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. நிலம் போகும் கவலை கூட்டத்தில் உட்கார்ந்தால் கரைந்துவிடாது. ஆயிரம் இரவு உட்கார்ந்ததன் களைப்பும் உண்டு, ஊருக்குள் கருத்து வேறுபாடும் வரும். விமான நிலையம் தேவை என்று வாதிடுபவர்களுக்கும் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் தங்களைப் பற்றிய ஒவ்வொரு அறிவிப்பையும், ஒவ்வொரு அரசாணையையும் அவர்கள் அன்று மாலையே பலராக உட்கார்ந்து பேசிவிடுகிறார்கள். யாராவது ஒருவர் படிக்கிறார், இன்னொருவர் மறுக்கிறார், மனு எழுத ஒருவர், வண்டி பேச ஒருவர் என்று வேலை பிரிகிறது. திட்டத்தை நிறுத்தும் சக்தி அந்தத் தீர்மானத்துக்கு இல்லாமலிருக்கலாம். தீர்மானத்தை எழுதி, வாசித்து, கைதூக்கி நிறைவேற்றி, பதிவேட்டில் ஏற்றுவது முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது. மேயர் சொன்ன முன்நெற்றிப் புறணிக்கு இது போதுமா என்று கேட்டால், போதும் என்றே நான் நினைக்கிறேன். போதவில்லை என்றால் இத்தனை கிராமசபைக்குப் பிறகும் அடுத்த கிராமசபைக்கு அவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.